லில்லிப்பூவும் துட்டுக்காசும்

ஆஸ்திரியாவில் லியோபன் என்று ஒரு ஊர். பக்கத்திலேயே எர்ஸ்பெர்க் என்ற இரும்பு மலை. அந்த மலையை வெட்டி, உருக்கி, விற்று, பல நூறு வருஷம் அதிலேயே பிழைத்த ஊர். சரி, அந்த ஊர்ச் சின்னத்தில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுத்தியல், சம்மட்டி, உலை? அதான் இல்லை. ஒரு நெருப்புக்கோழி நிற்கிறது. வாயில் ஒரு குதிரை லாடம், காலில் இன்னொரு லாடம்.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக்கும் நெருப்புக்கோழிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கத் தோணும். விஷயம் இதுதான். நெருப்புக்கோழி இரும்பைத் தின்று செரித்துவிடும் என்று அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை. இரும்பைத் தின்னும் பறவை, இரும்பால் சாப்பிடும் ஊர். பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். சின்னத்தை வரைந்தவர்களில் எத்தனை பேர் நெருப்புக்கோழியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கதை. நாம மட்டும் சும்மாவா? அது தணலையே விழுங்கும் என்று நம்பி நெருப்புக்கோழி என்று பேர் வைத்திருக்கிறோம். அந்தப் பறவைக்கு ரெண்டு பக்கமும் கெட்ட நேரம் :-)

ஒரு ஊர் தன்னை ஒரு படத்தில் சுருக்கிச் சொல்ல என்னத்தைத் தேர்ந்தெடுக்கிறது? யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நம்ம புதுச்சேரியிடம் கேட்டால் கதை கொஞ்சம் சுவாரசியமாகப் போகிறது. லியோபனுக்கு ஒரே கோழி. நமக்கு நந்தி, லில்லிப்பூ, பிறை, சேவல், தாமரை, சிங்கம், மண்டபம் என்று மாறி மாறி வந்திருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் லோகோவை மாற்றும் கம்பெனி மாதிரி.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கேடயத்துக்குள் படம் வரைந்து ஊருக்கும் குடும்பத்துக்கும் சின்னம் வைப்பது ஐரோப்பியப் பழக்கம், நமக்கு அதெல்லாம் கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அதைவிட முக்கியமானது சோழர் செப்பேடுகளின் முத்திரை. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு வளையத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். உட்கார்ந்த புலி, அதன் பக்கத்தில் பாண்டியனின் இரட்டை மீன், சேரனின் வில், மேலே குடை, ரெண்டு பக்கமும் சாமரம். தோற்றவன் சின்னத்தைப் பிடுங்கி எறியவில்லை. தன் சின்னத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறான். ஐரோப்பிய ராஜாக்கள் கேடயத்தை நாலாகப் பிரித்து, கைப்பற்றின நாட்டின் சின்னத்தை ஒரு மூலையில் போடுவார்களே, அதே இலக்கணம்தான்.

புதுச்சேரிக்கு அருகிலேயே இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. பாகூர்ச் செப்பேடு. 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தது. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்த பட்டயம். வளையத்தில் பல்லவரின் நந்தி. 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டுக் கப்பலேறி, பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம்ம வட்டாரத்தின் மிகப் பழைய சின்னங்களில் ஒன்றைப் பார்க்க விசா வாங்க வேண்டிய நிலைமை. ம்ம்.

இப்போது லில்லிப்பூவுக்கு வருவோம்.

1664-ல் பிரான்சில் பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேர் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்குகிறார். ஆங்கிலேயனும் டச்சுக்காரனும் அறுபது வருஷம் முன்னாடியே கடை போட்டுவிட்ட வியாபாரத்தில் லேட்டாக வந்த ஆள். கம்பெனிக்குச் சின்னமும் ராஜாவே கொடுக்கிறார். வட்டமான நீலக் கேடயம். நடுவில் தங்க நிற லில்லிப்பூ. சுற்றிலும் ஒரு பனையோலைக் கிளை, ஒரு ஒலிவக் கிளை. தாங்கிப் பிடிக்க ரெண்டு பெண்கள், ஒருத்தி அமைதி, இன்னொருத்தி செழிப்பு. கீழே லத்தீனில் ஒரு வாசகம்: 'ஃப்ளோரேபோ குவோகும்க்வே ஃபெரார்'. எங்கே கொண்டுபோனாலும் பூப்பேன் என்று அர்த்தம்.

லில்லி பிரெஞ்சு ராஜவம்சத்தின் பூ. அதைக் கப்பலில் ஏற்றி எந்த மண்ணில் இறக்கினாலும் பூக்கும் என்கிறார்கள். அழகான வாசகம்தான், மறுக்கவில்லை. நடந்தது என்ன? முதலில் கொண்டுபோய் நட்டது மடகாஸ்கரில். காய்ச்சலிலும் சண்டையிலும் அந்தக் குடியேற்றம் பட்டுப்போனது. அப்புறம் சூரத், அப்புறம் சென்னைக்குப் பக்கத்தில் சாந்தோம். சாந்தோமை 1672-ல் பிடித்து 1674-ல் இழந்தார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது வலிகொண்டபுரத்து ஷேர்கான் லோடி கொடுத்த ஒரு கடலோரத் துண்டு நிலம். 1673-ல் பெலாஞ்சே தெ லெஸ்பினே வந்து இறங்கி, அடுத்த வருஷம் பிரான்சுவா மர்த்தேன் பொறுப்பெடுத்த அந்தத் துண்டுதான் பிரெஞ்சுப் புதுச்சேரி. அதையும் 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1697-ல் ஐரோப்பாவில் ரிஸ்விக் உடன்படிக்கை ஆகி, 1699-ல்தான் திரும்பக் கிடைத்தது. நாலாவது தொட்டியில்தான் செடி வேர் பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கம்பெனிக்காகவே பிரான்சில் ஒரு துறைமுக ஊர் உருவானது, லோரியான். பேரே 'கிழக்கு' என்பதுதான். அந்த ஊருக்கும் 1744-ல் சின்னம் கொடுத்தார்கள். கடலில் ஒரு கப்பல், மலைக்குப் பின்னால் உதிக்கும் சூரியன், 'கிழக்கிலிருந்து ஒளிர்கிறது' என்று ஒரு லத்தீன் வாசகம். அந்தக் கிழக்கு நாமதான். நம்ம ஊர்த் துணி போய் இறங்கின ஊர் அது. சாமான் போய்ச் சேர்ந்த ஊருக்குக் கப்பலும் சூரியனும் போட்ட சின்னம் கிடைத்தது. சாமானை நெய்து, சாயம் போட்டு, மூட்டை கட்டி அனுப்பின ஊர் கம்பெனி முத்திரைக்குக் கீழேயே கிடந்தது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் இந்த ஊருக்கே உரிய சின்னம் ஒன்று தற்செயலாக உருவாகிவிட்டது. எனக்கு இந்தக் கதை முழுசிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். காசு!

கம்பெனியின் நாணயங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளி ரூபாய். 1736-ல் துய்மா கவர்னராக இருந்தபோது ரூபாய் அடிக்க அனுமதி கிடைத்தது. அதில் லில்லி கிடையாது. பாரசீக எழுத்தில் தில்லி பாதுஷா பேரும், ஆற்காடு என்ற அச்சிட்ட ஊரின் பேரும். புதுச்சேரியில் அடித்தது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னப் பிறைக் குறி, அவ்வளவுதான். ஏன் அப்படி? நெசவாளிக்கும் நவாபுக்கும் கொடுக்க வேண்டிய பணம் அது. பாதுஷா பேர் இருந்தால்தான் சந்தையில் வாங்குவார்கள். லூயி ராஜாவின் பூவை வைத்துக்கொண்டு ஆற்காட்டில் என்ன செய்வது? பெரிய பணத்தில் பிரெஞ்சுக்காரன் தன் முகத்தையே காட்டவில்லை.

சின்னச் செப்புக்காசில் கதை வேறு. ஒரு பக்கம் லில்லிப்பூ. மறுபக்கம் 'புதுச்சேரி' என்று சுத்தமான தமிழில். பிரெஞ்சு கிடையாது, லத்தீன் கிடையாது, பாரசீகமும் கிடையாது. காரைக்காலுக்கு அடித்ததில் தமிழில் காரைக்கால். கீரைக்காரம்மாவும் படகுக்காரரும் கைமாற்றிக்கொள்ளும் காசு என்பதால் அவர்களுக்குத் தெரிந்த எழுத்தில் அடித்திருக்கிறார்கள்.

அந்தக் காசின் பேர் பிரெஞ்சு ஏடுகளில் 'தூதூ'. நம்ம துட்டுதான் அது. (துட்டு என்ற சொல் டச்சுக்காரர்களின் டுயிட் காசிலிருந்து வந்தது என்பார்கள். ஆக டச்சிலிருந்து தமிழ், தமிழிலிருந்து பிரெஞ்சு.) பணம் அவர்கள் வாயில் 'ஃபனோன்' ஆனது, காசு 'காஷ்' ஆனது. கணக்குப் புத்தகம் முழுக்க நம்ம வார்த்தைகள்தான், உச்சரிப்பு மட்டும் மூக்கால்.

ஐரோப்பியச் சின்ன சாஸ்திரப்படி பார்த்தால் இந்தத் துட்டு ஒரு அதிசயம். ராஜாவின் பூ ஒரு பக்கம், ஊரின் பேர் ஊர்க்காரர் மொழியில் மறுபக்கம். எந்த அரச ஆணையும் 'இது புதுச்சேரியின் சின்னம்' என்று அறிவிக்கவில்லை. ஆனால் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதின காலத்தில் (1736-லிருந்து 1761 வரை) இந்த ஊர் சனங்கள் தினமும் கையில் வைத்துப் பார்த்த சின்னம் இதுதான். கம்பெனிக் கேடயத்தில் இருந்த அமைதி, செழிப்பு என்ற ரெண்டு அம்மணிகளையும் அவர்களில் யாரும் பார்த்திருக்கப் போவதில்லை.

அமைதி என்றதும் ஞாபகம் வருகிறது. 1758-ல் லாலி கடலூர்ப் பக்கம் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1761 ஜனவரியில் பதிலுக்கு ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை ஊர் விழுவதற்குச் சில நாள் முன்னால் கண்ணை மூடிவிட்டார், பார்க்காமல் போனது ஒருவகையில் நல்லது. மர்த்தேன் கட்டின லூயி கோட்டையோடு சேர்த்து வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். கல்லில் செதுக்கி வைத்திருந்த லில்லி எல்லாம் எந்த இடிபாட்டோடு போனதோ. இன்று புதுவையில் நாம் சுற்றிப் பார்க்கும் பிரெஞ்சுத் தெரு எல்லாம் 1765-க்கு அப்புறம் மறுபடி எழுந்ததன் வாரிசு. கம்பெனியும் ரொம்ப நாள் தாங்கவில்லை. 1769-ல் அதன் வியாபார உரிமையை ராஜாவே நிறுத்தி வைத்தார். எங்கே கொண்டுபோனாலும் பூப்பேன் என்ற செடி சொந்தத் தோட்டத்திலேயே வாடிவிட்டது.

அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி. 1790 ஜூனில் பிரபுப் பட்டங்களோடு குடும்பச் சின்னங்களையும் சேர்த்து ஒழித்தார்கள். நெப்போலியன் வந்து கழுகையும் தேனீயையும் கொண்டுவந்தார். அவர் போனதும் லில்லி திரும்ப வந்தது. 1830-ல் இன்னொரு புரட்சி, லூயி பிலிப் ராஜாவானார், 1831-ல் லில்லி அரசுச் சின்னத்திலிருந்து மறுபடி போனது. அங்கே பாரிசில் நடந்த அத்தனை கூத்தும் இங்கே நம்ம காசில் தெரிகிறது. லூயி பிலிப் காலத்துப் புதுச்சேரிக் காசில் பூவுக்குப் பதில் சேவல்!

சேவல் எப்படி பிரான்சுக்கு வந்தது? ஒரு சிலேடைதான். லத்தீனில் 'கல்லுஸ்' என்றால் சேவல், கல்லுஸ் என்றால் பிரான்சின் பழைய குடியான கால் இனத்தவனும்கூட. நம்ம காளமேகப் புலவர் வகையறா வேலை. ஆனால் நம்ம சனங்களுக்கு லத்தீன் சிலேடை எதற்கு? சேவல் என்றால் முருகன் கொடி. பிரெஞ்சுக்காரன் தன் தேசத்தை அடித்து அனுப்பினான், வாங்கினவர்கள் முருகா என்று முடிந்து வைத்துக்கொண்டிருக்கலாம். இது என் கற்பனைதான், ஆனாலும் நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

அந்த லத்தீன் வாசகம் கம்பெனியோடு செத்துவிட்டதா என்றால், இல்லை. அது கப்பலேறி இன்னொரு ஊருக்குப் போய்விட்டது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு 1925-ல் எமில் மெர்வார் என்ற முன்னாள் கவர்னர் ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார். பழைய கப்பல் ஒன்று, ராஜாவின் லில்லிகள், நெப்போலியனின் தேனீக்கள், மூவாயிரம் மீட்டர் மலைக்காக ரோமன் எண்ணில் மூன்று 'எம்', சுற்றிலும் வெனிலாக் கொடி. எல்லா ஆட்சிக்கும் ஒரு மூலை கொடுத்த ஆல் இன் ஒன் சின்னம். வாசகத்தைப் பாருங்கள், அதே 'எங்கே கொண்டுபோனாலும் பூப்பேன்'.

மெர்வார் எதை நினைத்து அதைப் போட்டாரோ. அந்தத் தீவில் 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாகத் தமிழர்களை ஏற்றினார்கள். 1860-க்கு அப்புறம் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் பிடிக்க உடன்படிக்கை ஆனது. தோட்டங்களில் கூலிகளை நடத்தின லட்சணத்தைப் பார்த்துவிட்டு 1882-ல் பிரிட்டிஷ்காரர்களே அதை நிறுத்தினார்கள். பிரிட்டிஷ்காரனே சகிக்க முடியாத நிலைமை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். போனவர்கள் பேர் பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்த மாதிரி மாறியது, மொழி ரெண்டு மூன்று தலைமுறையில் நழுவியது. மதுரைவீரன் அங்கே 'மர்தேவிரன்' ஆனார், ஆனாலும் போகவில்லை. தீமிதியும் போகவில்லை. காவடியும் போகவில்லை. இன்று தீவில் அவர்கள் பெரிய சமூகம்.

கொண்டுபோகப்பட்டவர்கள் என்று சொல்லத் தகுதியானவர்கள் யார்? கோல்பேரின் பங்குதாரர்களை யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை, அவர்கள் பாரிசில் உட்கார்ந்து லாப நஷ்டம் பார்த்தார்கள். அந்தத் தீவின் சின்னத்தில் லில்லிக்கு மூலை இருக்கிறது, தேனீக்கு மூலை இருக்கிறது. கரும்பு வெட்டினவனுக்கு மூலை இல்லை, வாசகம் மட்டும் அவனுடையது மாதிரி இருக்கிறது.

சரி, புதுச்சேரிக்கே திரும்புவோம். இன்று புதுவை என்றதும் சின்னமாகக் கண்ணில் நிற்பது ஆயி மண்டபம். பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்குமே, அதேதான். கிரேக்க, ரோமானியப் பாணி. மூன்றாம் நெப்போலியன் காலத்துக் கட்டடம். பார்த்தால் அசல் பிரெஞ்சு. பேரோ ஒரு தமிழ்த் தாசியின் பேர்.

செவிவழிக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வருகிறார். விளக்கு ஜொலிக்கும் ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிடுகிறார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் தலைக்கேறி இடிக்கச் சொல்கிறார். ஆயி கெஞ்சி, தானே இடிக்க அனுமதி வாங்கி, இடித்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டுகிறாள். முத்தரையர்பாளையத்து ஆயி குளம். முந்நூற்றைம்பது வருஷம் கழித்து, நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்த வெள்ளையர் பகுதிக்கு அங்கிருந்துதான் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்தது. 1860-களில் நடந்த அந்த வேலையோடு சேர்த்துச் சொல்லப்படும் பேர் பொறியாளர் லமைரெஸ். மனிதர் வாய்க்காலோடு நிற்கவில்லை, தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1867-ல் புத்தகமும் போட்டார். ஆபீஸ் வேலைக்கு நடுவில் எழுதுகிற நம்ம சாதி சனம் :-) தண்ணீர்க் கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன் ஆயிக்கு மண்டபம் கட்டச் சொன்னார் என்று கதை முடியும்.

ராயர் கும்பிட்ட சங்கதி கல்வெட்டில் இல்லை, ஊர் வாயில்தான் இருக்கிறது. எனக்கு அது பிரச்சினையாகத் தெரியவில்லை. நெருப்புக்கோழி இரும்பு தின்னும் என்பதைவிட இது எவ்வளவோ நம்பும்படியாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ராஜாவின் பூ, ராஜாவின் கழுகு, சாமியின் நந்தி என்று போன வரிசையில், இந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு மனுஷியின் பேர் வந்து நிற்கிறது. அதிலும் ராஜா அவமானப்படுத்தின மனுஷி. மண்டபம் கட்டினவன் அந்நியச் சக்கரவர்த்தி, அதனால் இது அடிமைச் சின்னம் என்று வாதம் செய்பவர்களை நானும் கேட்டிருக்கிறேன். கல் அவனுடையதாக இருக்கட்டும், பேர் யாருடையது? தலைக்கு மேலே தன் பேரைப் பொறிக்காத சக்கரவர்த்திகள் குறைவு. ஊர் இதை நெப்போலியன் மண்டபம் என்று ஒருநாளும் கூப்பிடவில்லை.

மிச்சத்தை வேகமாக ஓட்டிவிடுகிறேன். 1914-ல் வந்த பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளில் பிரம்மாவும் ஒரு காளி கோயிலும். 1940-ல் கவர்னர் போன்வேன் தெ கோல் பக்கம் சாய்ந்தார். அதன் பலன், 1942-ல் லண்டனிலிருந்து வந்த தலைகளில் தாமரைப்பூவும் லொரேன் சிலுவையும். லில்லி போய்த் தாமரை வர கிட்டத்தட்ட முந்நூறு வருஷம். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1-ல் மூவர்ணக்கொடி மாறியது, அதாவது மூவர்ணம் போய் மூவர்ணம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் முடிந்தது. அரசு ஆணைகளின் தலையில் அசோகர் சிங்கம் ஏறியது. 2007-ல் மாநிலத்துக்கென்று விலங்கு, பறவை, மரம், பூ அறிவித்தபோது அணில், குயில், வில்வம், நாகலிங்கப்பூ. போலீஸ்காரர் தலையில் மட்டும் பிரெஞ்சுச் சிவப்புத் தொப்பி அப்படியே இருக்கிறது.

அந்தத் துட்டுகள் இன்றும் பழங்காசு வியாபாரிகளிடம் கிடைக்கின்றன. இணைய ஏலங்களிலும் வரும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. தேய்ந்து போயிருக்கும், பல காசுகளில் அச்சு நடுவில் விழாமல் ஓரமாக விழுந்து பூ பாதிதான் இருக்கும். கையில் கிடைத்தால் திருப்பி மறுபக்கத்தையும் பாருங்கள். ரெண்டு எழுத்தாவது படிக்க வரும்.